காட்ரோட்டு ஏத்தமும் கம்ப்யூட்டர் டப்பாவும்

தேவதானப்பட்டியில் டீசல் கார் வாங்குகிற யாரும் மைலேஜுக்கு அடுத்தபடியாகக் கேட்பது ஒன்றைத்தான்: “காட்ரோட்டுல எப்படி ஏறும்?” தேனி ரோட்டில் வத்தலக்குண்டு பக்கம் கொஞ்ச தூரம் போனால் கொடைக்கானலுக்குப் பிரிகிற இடம் அது. அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர், வளைவு வளைவாக, 2,100 மீட்டர் உயரத்துக்கு. தெற்கே போனால் போடிமெட்டு, கம்பம்மெட்டு, மேகமலை, லோயர்கேம்ப்புக்கு மேலே குமுளி. மூன்று பக்கமும் மலை நிற்கிற பள்ளத்தாக்கு இது. சமவெளிக்காரர்கள் காரில் ஸ்பீடு பார்ப்பார்கள், நாங்கள் இழுவை பார்ப்போம்.

கொஞ்ச காலமாக அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. “ஈசிஎம்ல மேப் மாத்திட்டா நல்லா ஏறுமாமேண்ணே?” ஈசிஎம் என்றால் எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர் டப்பா. டீக்கடையில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள். பழைய டீசல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிற என் சித்தப்பா மகன் கேட்டதோடு நிற்கவில்லை, செய்தே விட்டான். அந்த வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேப் மாற்றினால் வண்டிக்கு இழுவை கூடும், அது பொய் இல்லை. ஆனால் அது கூடுகிற இடம் வேறு, மலையில் நமக்கு வேண்டியிருக்கிற இடம் வேறு. இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லிக் கொடுக்காததால்தான் இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்துவிட்டு, “எதிர்பார்த்த மாதிரி இல்லையே” என்று ஆட்கள் முகத்தைத் தொங்கப்போடுகிறார்கள்.

டீசல் எஞ்சினைச் சீண்டுவது நமக்குப் புதிதும் இல்லை. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கேரளா மலைக்குப் போகிற ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே உட்காரத்தான் சீட்டு, ஆனால் பின்னால் தொற்றிக்கொண்டும் ஆள் இருக்கும். அந்தப் பாரத்தோடு மெட்டு ஏற வேண்டுமென்றால் கம்பெனி கொடுத்த டீசல் போதாது. பம்ப் நாசில் வேலை பார்க்கிற பட்டறைக்குப் போவார்கள். டீசல் பம்பில் முழு லோடுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை ஒரு ஸ்க்ரூ தீர்மானிக்கும். அதை யாரும் தொடக்கூடாதென்று கம்பி கட்டி ஈய சீல் வைத்திருப்பார்கள். சீலை வெட்டி, ஸ்க்ரூவை ஒரு சுற்றோ அரைச் சுற்றோ திருகினால் வேலை முடிந்தது. வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு ஏறும். பெரியகுளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன் அந்தக் காலத்து ஆள். மேப் மாற்றுகிற இந்த ரீமேப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். “அன்னைக்கு ஸ்க்ரூடிரைவர், இன்னைக்கு லேப்டாப்பு. அம்புட்டுத்தான் தம்பி.”

அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

பழைய பம்பில் ஒரு ஸ்க்ரூதான். எல்லா ஆர்.பி.எம்மிலும் சேர்த்துக் கூடும், சேர்த்துக் குறையும். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் டீசல் வந்தபோது கணக்கு மாறியது. ஃபியட் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவாகி, பாஷ் வாங்கி உற்பத்திக்குக் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஒரு பம்ப் ஓயாமல் ‘ரெயில்’ என்கிற ஒரு தடித்த குழாய்க்குள் டீசலை அழுத்தி வைத்துக்கொண்டே இருக்கும். எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை தடவை இன்ஜெக்டர் திறக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். 2003-இல் வந்த ஃபியட்டின் 1.3 மல்டிஜெட்டில் ஒரே சுழற்சியில் ஐந்து தடவை வரை சிறுசிறு துளியாகப் பீய்ச்ச முடியும். நம் ஊரில் ஓடுகிற பாதி டீசல் கார்களின் வயிற்றில் இருப்பது இதே 1,248 சிசி எஞ்சின்தான். மாருதி இதை டிடிஐஎஸ் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது. ஃபியட்டே தன் புன்டோவிலும் லீனியாவிலும் போட்டது, செவ்ரொலே செய்லில் போட்டது, பிரீமியர் ரியோவும் போட்டது. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்ததே, அப்போது டீசல் ஸ்விஃப்ட்டுக்கு மாசக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆகவே இன்றைக்கு ரீமேப் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டிக்காரர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, மேப் என்றால் என்ன? ஒரு பெரிய வாய்ப்பாடுதான். குறுக்கே ஆர்.பி.எம், நெடுக்கே ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்பது. இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் ஒரு எண். 2,000 ஆர்.பி.எம், பாதி மிதி என்றால் இவ்வளவு டார்க் வேண்டும் என்று டிரைவர் கேட்கிறார் என்று அர்த்தம். அந்த எண் நேராக இன்ஜெக்டருக்குப் போவதில்லை. அடுத்த வாய்ப்பாட்டில் கேட்பார்கள்: இப்போது உள்ளே வருகிற காற்று எவ்வளவு? அதற்கு மேல் டீசல் விட்டால் புகை வருமே? இன்னொரு வாய்ப்பாடு, இந்த ஆர்.பி.எம்மில் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் தாங்குகிற டார்க் எவ்வளவு? இன்னொன்றில் ரெயில் அழுத்தம், இன்னொன்றில் பீய்ச்ச வேண்டிய நேரம், இன்னொன்றில் டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும். எஞ்சின் சூடு, வெளியே உள்ள காற்றின் சூடு, காற்றழுத்தம் இவற்றுக்குத் தனித்தனித் திருத்தங்கள். ஒவ்வொரு வாயிலிலும் ஒருவர் நின்று “இவ்வளவு போதும்” என்று குறைத்துக்கொண்டே வருவார். கடைசியில் மிஞ்சுவதுதான் இன்ஜெக்டருக்கு. ரீமேப் செய்கிறவர் இந்த எண்களைத் திருத்துகிறார். நல்ல ஆள் பத்துப் பதினைந்து வாய்ப்பாடுகளை ஒன்றோடொன்று ஒத்துப்போகிற மாதிரி திருத்துவார். அரைகுறை ஆள் டீசல் அளவையும் ரெயில் அழுத்தத்தையும் மட்டும் தூக்கிவிட்டுக் காசை வாங்கிக்கொள்வார். அதுதான் மெக்கானிக் அண்ணனுடைய பழைய ஸ்க்ரூ.

கம்பெனிக்காரன் ஏன் முதலிலேயே முழுசாகக் கொடுக்கவில்லை என்பது நியாயமான கேள்வி. காரணம் பல. ஒரே மேப் ராஜஸ்தான் வெயிலிலும் ஓட வேண்டும், காஷ்மீர் குளிரிலும் ஓட வேண்டும். ஏர் ஃபில்டரை இரண்டு வருஷம் மாற்றாதவன் கையிலும் ஓட வேண்டும். கந்தகம் அதிகமுள்ள பழைய டீசலிலும் ஓட வேண்டும். பி.எஸ். 4 டீசலே நாடு முழுக்க 2017-இல்தான் வந்தது. புகைச் சோதனையில் தேற வேண்டும், வாரண்டி காலத்தில் கிளட்ச் போகக்கூடாது. வியாபாரக் கணக்கும் உண்டு. அதே 1.3 எஞ்சினை ஸ்விஃப்ட்டில் 75 குதிரைசக்தி, 190 நியூட்டன் மீட்டர் என்று விற்றார்கள். எர்டிகாவிலும் சியாஸிலும் 90 குதிரைசக்தி, 200 நியூட்டன் மீட்டர். “அப்ப நம்ம வண்டிக்கும் 90 வரும்ல?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். வரும். ஆனால் 90-க்காரனுக்கு டர்போவே வேறு. அதில் இறக்கைகள் திரும்பிக்கொடுத்து, குறைந்த ஆர்.பி.எம்மிலும் காற்றை அழுத்த உதவும். 75-இல் இருப்பது அசையாத டர்போ. எண்ணை மாற்றலாம், இரும்பை மாற்ற முடியாது.

எங்கள் ஊர் மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே கருவறைக் கதவு திறப்பதில்லை. பூஜை மூடிய கதவுக்குத்தான். கார் கம்பெனிகளும் ஈசிஎம் டப்பாவை நாம் அப்படித்தான் கும்பிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். கதவைத் திறக்கிறவர்கள் இரண்டு வழியில் திறக்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேன் போடுகிற சாக்கெட் வழியாகவே உள்ளே இருக்கிற ஃபைலைப் படித்து எடுப்பது ஒன்று. அது முடியாத வண்டிகளில் டப்பாவைக் கழற்றி, மேசையில் வைத்து, நேராகச் சிப்பில் கம்பி வைத்துப் படிப்பது இன்னொன்று. எடுத்த ஃபைலை கம்ப்யூட்டரில் திறந்தால் முதலில் வெறும் எண் காடு. அதில் எது புகை வாய்ப்பாடு, எது டர்போ வாய்ப்பாடு என்று கண்டுபிடிப்பதில்தான் அறிவு இருக்கிறது. திருத்தி முடித்ததும் ‘செக்சம்’ என்கிற கூட்டுத்தொகையையும் சரிசெய்ய வேண்டும். அது ஒத்துவராவிட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். திரும்ப எழுதும்போது பேட்டரி வோல்டேஜ் பாதியில் இறங்கினாலும் டப்பா செத்துவிடும். அதனால் விவரமான ஆள் முதலில் வண்டியில் சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பார். நீங்கள் போகிற இடத்தில் சார்ஜர் மாட்டவில்லை என்றால், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். டூல்களிலும் அசல் உண்டு, சில ஆயிரத்துக்குக் கிடைக்கிற நகலும் உண்டு. நகல் டூலும் இணையத்தில் இறக்கிய யாரோ ஒருவரின் ஃபைலும் வைத்துக்கொண்டு கடை போட்டவர்கள் இப்போது நிறைய.

நம் பக்கத்து ஆட்கள் இதற்குப் பெரும்பாலும் கோயம்புத்தூருக்குத்தான் போகிறார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. ரேஸ்காரர் கரிவர்தன் காலத்திலிருந்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டி ரேஸ் விட்ட ஊர் அது. செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே ரேஸ் தடம் இருக்கிறது. ஈசிஎம்மைத் தொடாமல், சென்சாருக்கும் அதற்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டியைச் செருகுகிற வழியும் உண்டு. பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் விற்ற டீசல்ட்ரானிக் அந்த வகை. பெட்டி செய்வது ஒரு மாதிரி பொய் சொல்வதுதான். ரெயிலில் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று ஈசிஎம்மிடம் சொல்லும், அது பாவம் நம்பிக் கூட்டிக் கொடுக்கும். ஆகாவிட்டால் பிடுங்கிவிடலாம் என்பது அதன் வசதி. நுணுக்கமாகத் திருத்த முடியாது என்பது குறை.

இப்போது அந்தச் சித்தப்பா மகன் தம்பியின் வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொடுத்து, “நீங்களே ஓட்டிப் பாருங்கண்ணே” என்றான். முதலில் தேனிப் பக்கம் விட்டேன். பெரியகுளம் தாண்டி ரோடு விரிகிற இடத்தில் மூன்றாவது கியரில் 2,200 ஆர்.பி.எம்மில் மிதித்தபோது முதுகு சீட்டில் ஒட்டியது. சந்தேகமே இல்லை, வேறு வண்டி. லாரியை முந்துவதற்கு முன்பு நான்காவதிலிருந்து மூன்றுக்கு இறக்க வேண்டியிருந்த இடங்களில் இப்போது நான்காவதிலேயே போனது. எனக்கே கொஞ்சம் ஆசை வந்தது. திரும்பி வந்து காட்ரோட்டில் மேலே திருப்பினோம்.

நீளமான ஏற்றங்களில், வண்டி சுற்றிக்கொண்டிருக்கும் வரை, நன்றாகத்தான் இழுத்தது. டம்டம் பாறையில் எலிவால் அருவி பார்க்க நிற்கிற கூட்டத்தைத் தாண்டி, மேலே கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போனதும் சாயம் கொஞ்சம் வெளுத்தது. எதிரே பஸ். நின்று, அது இறங்க வழிவிட்டு, இரண்டாவது கியரில் 1,300 ஆர்.பி.எம்மில் எடுக்கப் பார்த்தேன். வண்டி அப்படியே தொங்கியது. பழைய ஸ்விஃப்ட் எப்படித் தொங்குமோ அப்படியே. முதல் கியருக்கு இறக்கி மிதித்தேன், கண்ணாடியில் பின்னால் ஒரு கருப்பு மேகம். பின்னால் வந்த பைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. “இங்கனதான்ணே அப்படியே இருக்கு, மத்த எடத்துல பறக்குது” என்றான் தம்பி, ஏதோ நான் குறை சொல்லிவிட்டேன் என்கிற மாதிரி.

அது மேப்பைத் திருத்திய ட்யூனரின் குறை இல்லை. டீசல் எஞ்சினில் சக்தியின் எல்லையைத் தீர்மானிப்பது காற்று, டீசலை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். ஒரு கிராம் டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பதினாலரை கிராம் காற்று வேண்டும். கரும்புகை வராமல் எரிய அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக வேண்டும். அந்தக் கூடுதல் காற்றை உள்ளே தள்ளுவது டர்போ. டர்போவைச் சுற்றுவது எஞ்சின் வெளியே விடுகிற சூடான புகை. 1,300 ஆர்.பி.எம்மில் புகையே கொஞ்சம், டர்போ தூங்குகிறது, காற்று இல்லை. அங்கே வாய்ப்பாட்டில் எந்த எண்ணை எழுதினாலும் கூடுவது புகை மட்டும்தான். இந்த எஞ்சினில் 1,800, 2,000-க்கு மேல்தான் டர்போ விழிக்கும். ரீமேப் வாரி வழங்குவதும் அதற்கு மேல்தான். கொண்டை ஊசி வளைவில் நாம் நிற்பது அதற்குக் கீழே. நல்ல ட்யூனர் அங்கேயும் பீய்ச்சுகிற நேரத்தைக் கொஞ்சம் முன்தள்ளி, மிதிக்கு வண்டி சட்டென்று பதில் சொல்கிற மாதிரி செய்து, ஓரளவு கூர்மையாக்கலாம். ஓரளவுதான். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ரீமேப் செய்த வண்டியில் 1,900 வரை ஒன்றும் இல்லாமல், அதற்கு மேல் திடீரென்று எல்லாம் வந்து விழும். வளைவின் நடுவில், மழை ஈரத்தில், அப்படி வந்து விழுவது எனக்குப் பிடிக்கவில்லை.

உயரம் இன்னொரு கதை. கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 78 சதவீதம்தான். கீழே 1 பார் காற்றை 2 பார் ஆக்க டர்போ அதை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும். மேலே 0.78-ஐ 2 ஆக்க இரண்டரை மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், அதன் உயிருக்கு ஒரு வேகம்தான் உண்டு. கம்பெனி மேப்பில் இதற்கென்றே ஒரு திருத்தம் இருக்கும். உயரம் போகப் போக, “இங்கே இவ்வளவு போதும்” என்று ஈசிஎம் தானாகக் குறைத்துக்கொள்ளும். கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம். அங்கே ரோட்டில் ஓட்டிப் பார்த்து, இழுக்கவில்லையே என்று அந்தத் திருத்தத்தையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னைக்காரருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வாரம் ஒருமுறை காய்கறி ஏற்றப் பூம்பாறை, மன்னவனூர் போய் வருகிறவருக்கு டர்போ போகும். ஆகவே நம் பள்ளத்தாக்குக்காரர்கள் ட்யூனரிடம் முதலில் சொல்ல வேண்டியது, வண்டி எங்கே ஏறப்போகிறது என்பதை. அவர் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் நல்ல ஆள். “எல்லாத்துக்கும் ஒரே ஃபைல்தான் சார்” என்றால் நமஸ்காரம் போட்டுவிடலாம்.

இந்தியாவில் நடந்த பெரிய டீசல் ரீமேப்புகளில் ஒன்றை எந்த ட்யூனரும் செய்யவில்லை, கம்பெனியே செய்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் ஃபோக்ஸ்வாகனுக்கு நோட்டீஸ் கொடுத்தது. வண்டி சோதனைக்கூடத்தில் ஓடுகிறதா, ரோட்டில் ஓடுகிறதா என்பதை ஈசிஎம்மே கண்டுபிடித்துக்கொண்டு, சோதனையில் மட்டும் நல்ல பிள்ளையாக நடக்கிற மேப் அதில் இருந்தது. ரோட்டுக்கு வந்தால் வேறு மேப். உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகள். இதை வெளியே கொண்டுவந்ததில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துச் சின்னக் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்று நம் பக்கத்துப் பெயர்கள். புகை அளக்கிற கருவியை டிக்கியில் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியா ரோடுகளில் ஓட்டி, சியாட்டில் வரைக்கும்கூடப் போய் அளந்தார்கள். ஜெட்டாவில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப் போல 15 முதல் 35 மடங்கு.

இங்கே 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி மூன்றிலும் சேர்த்து 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைத்து மேப்பை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். இந்திய விதியை மீறவில்லை, நாங்களாகவே செய்கிறோம் என்றார்கள். 2019 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது, மே மாதம் உச்சநீதிமன்றம் நடவடிக்கைக்குத் தடை கொடுத்தது. மேப் மாறிய பிறகு முன்பு போல இழுக்கவில்லை என்று வெளிநாடுகளில் வண்டிக்காரர்கள் நிறையப் பேர் புலம்பினார்கள். இதற்கு முன்பே, 2013-இல், ஜெனரல் மோட்டார்ஸ் புகை விஷயத்தில் நடந்த தில்லுமுல்லுக்காக 1,14,000 டவேராவைத் திரும்ப அழைத்தது. நம் ஊர் டூரிஸ்ட் ஸ்டாண்டுகளில் அன்றைக்கு டவேரா இல்லாத நாள் கிடையாது.

இதை ஏன் இழுத்தேன் என்றால், “கம்பெனி மேப்தான் சுத்தம், மற்றதெல்லாம் திருட்டு” என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். கம்பெனி மேப்பும் மனிதர்கள் எழுதியதுதான், அவர்களுக்கும் கணக்கு உண்டு. ஆனால் அதற்காக நாம் புகை விட்டுக்கொண்டு திரிவதற்கு அது சாக்காகவும் ஆகாது. கம்பெனி மாட்டியபோது 500 கோடி. நாம் மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், 2019 திருத்தத்தில் வந்த 182ஏ-வும் இருக்கின்றன. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லேப்டாப்பில் மாற்றியதை எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிப்பார் என்று சிரிக்கலாம். புகை சர்டிபிகேட்டில் கண்டுபிடிக்கலாம். பி.எஸ். 4-க்கு முந்தைய டீசலுக்குப் புகை அளவு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட், பி.எஸ். 4-க்கு 50. வண்டியை நிறுத்திவைத்து முழுசாக மிதித்து எடுக்கிற சோதனை அது. மோசமாகத் திருத்திய மேப் அங்கேயே கக்கிவிடும். பெரிய விபத்து ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர்களுக்கு “எங்களிடம் சொல்லாமல் வண்டியை மாற்றியிருக்கிறார்” என்று ஒரு வாசலைத் திறந்துவிடுகிறோம் என்பதும் உண்மை. பி.எஸ். 6 டீசலில் புகைக் கரியைப் பிடித்து எரிக்கிற டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு, இல்லை என்று ஈசிஎம்முக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலையையும் ரீமேப் என்ற பெயரில் விற்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். கொடைக்கானல் ஏறுகிற வண்டியின் புகையைச் சுவாசிப்பது ரோட்டோரத்தில் பேரிக்காய் விற்கிற அக்காதான்.

வண்டியில் முதலில் போவது எஞ்சின் இல்லை, கிளட்ச். 190 நியூட்டன் மீட்டருக்குச் செய்த கிளட்ச் பிளேட்டின் மேல் 230, 240 என்று ஏற்றினால், புதுசாக இருக்கும்வரை தாங்கும். பாதி தேய்ந்தது வழுக்கும். தம்பி வண்டியில் நான்காவது கியரில் முழுசாக மிதித்தால் ஆர்.பி.எம் மட்டும் ஏறியது, வேகம் ஏறவில்லை. அதைச் சொன்னதும், “அது ட்யூனிங் எஃபெக்ட்ணே” என்றான். மெக்கானிக் அண்ணன் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு இறங்கி, “பிளேட்டு போயிருச்சுப்பா” என்றார். கிளட்ச் செட், கூலி எல்லாம் சேர்ந்து ரீமேப்புக்குக் கொடுத்ததற்குப் பக்கத்தில் வந்தது.

அதே சமயம் அவர் செய்த இன்னொரு வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். டர்போவிலிருந்து வருகிற ஹோஸில் கிளாம்ப் போடுகிற இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள் விடுகிற ஈஜிஆர் வால்வு கரி பிடித்து முழுசாக மூடாமல் இருந்தது. காற்றை அளக்கிற சென்சாரில் எண்ணெய்ப் பிசுக்கு. ஏர் ஃபில்டர் மாம்பழ சீசன் தூசியில் காவி நிறம். இவை எல்லாம் ரீமேப்புக்கு முன்பே இருந்தவை. எல்லாவற்றையும் சரிசெய்து, கிளட்ச் மாற்றி, மறுபடி காட்ரோட்டில் எடுத்தோம். கொண்டை ஊசி வளைவில் வண்டி தொங்குவது குறைந்திருந்தது, புகையும் குறைந்திருந்தது. எந்தப் பாதி மேப்பால் வந்தது, எந்தப் பாதி ஹோஸால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஹோஸுக்குக் கொடுத்த காசு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

என்னைக் கேட்டால், பத்து வருஷம் ஓடிய டீசலுக்கு முதலில் இந்த வேலைகளைப் பாருங்கள். அழகுக்காகப் பெரிய டயர் போட்டிருந்தால் கழற்றுங்கள். டயர் பெரிதானால் கியர் எல்லாமே நீண்டுவிடும், மலையில் அதுவும் ஒரு பாரம். அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லை என்றால், முதலில் ஸ்கேன் போட்டு, ஓடுகிற வண்டியில் டர்போ அழுத்தமும் ரெயில் அழுத்தமும் கேட்டபடி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேட்டதே வராத வண்டிக்கு இன்னும் கேட்கிற மேப் எழுதி என்ன பயன்? தினமும் தேனி, மதுரை என்று சமவெளியில் நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு, எஞ்சின் நன்றாக இருந்தால், அளவான மேப் பிரயோஜனம்தான். லாரியை முந்துவது சுலபமாகும், மிதிக்காமல் ஓட்டத் தெரிந்தவருக்கு மைலேஜும் கொஞ்சம் கூடலாம். மாசத்துக்கு நாலு தடவை மலை ஏறுவதற்காக என்று கேட்டால், செகண்ட் கியரை விட்டுவிட்டு ஃபர்ஸ்ட்டுக்கு வாருங்கள் என்பதுதான் என் பதில். அது இலவசம்.

பழைய டீசல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசலுக்குத் தடை போட்டதால் அங்கிருந்து மலிவாக வந்த வண்டிகள் நம் பக்கமும் கண்ணில் படுகின்றன. உள்ளூர் வண்டியிலும் முன் ஓனர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்பது வெளியே தெரியாது. சூடான எஞ்சினில், நான்காவது கியரில், 2,000-இலிருந்து முழுசாக மிதித்துப் பாருங்கள். வண்டியின் வயசுக்கு மீறி இழுத்தால் சந்தோஷப்படாமல் கண்ணாடியில் புகையைப் பாருங்கள், ஆர்.பி.எம் தனியாக ஓடுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஸ்கேனரில் சாஃப்ட்வேர் எண்ணை எடுத்துச் சர்வீஸ் சென்டரில் ஒப்பிடச் சொல்லுங்கள். எண்ணை மாற்றாமலும் மேப்பைத் திருத்தலாம், ஆகவே அதையும் முழுசாக நம்ப வேண்டாம். விற்கிறவரிடமே நேராகக் கேளுங்கள்: “மேப் மாத்துனீங்களா? பழைய ஃபைல் இருக்கா?” அசல் ஃபைலைப் பென் டிரைவில் போட்டு ஆர்.சி புக்கோடு சேர்த்து வைத்திருக்கிற ஓனர் கிடைத்தால், அந்த வண்டியைத் தாராளமாக வாங்கலாம். தம்பி ட்யூனரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறான். விலைக்குக் கொடுக்கிற யோசனை இருக்கிறதா என்று கேட்டேன், “மொதல்ல கிளட்ச் காசை ஓட்டிக்கிறேண்ணே” என்றான்.